வேலி வளர்த்த ஹியூம்

காந்திகிராமத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்குக் கிளுவை வேலியும் உண்டு, முள்கம்பி வேலியும் உண்டு. அந்த முள்கம்பிக்கு 1874-இல் காப்புரிமை பெற்றவர் ஜோசப் கிளிடன் என்னும் அமெரிக்க விவசாயி. மரமும் கல்லும் அரிதான புல்வெளியில் மாடுகளை மறிக்க அவர் கண்ட வழி அது. அதே காலத்தில் நம் நாட்டிலோ, மனிதரை மறிக்க ஒரு முள்வேலி நின்றது. அதை வளர்த்தவர்களுள் ஒருவரது வரலாற்றையே இங்கே எழுத விழைகிறேன். காங்கிரசைத் தோற்றுவித்தவர் என்று பள்ளியில் படித்தோமே, அந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம்தான் அவர்.

1829-இல் பிறந்த ஹியூம், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சீர்திருத்தவாதியாக விளங்கிய ஜோசப் ஹியூமின் மைந்தர். 1849-இல் இந்தியா வந்தார். எட்டாவா மாவட்டத்தை ஆண்டபோது ஏழைச் சிறுவர்க்குப் பள்ளிகள் பல திறந்தார். அத்தகையவருக்கு 1867-இல் கிடைத்த பதவி, உள்நாட்டுச் சுங்க ஆணையர்!

சுதேச சமஸ்தானங்களின் மலிவான உப்பு, வரி கட்டாமல் பிரிட்டிஷ் பகுதிக்குள் நுழையக்கூடாது. அதற்காகச் சிந்து முதல் மகாநதி வரை ஏறத்தாழ 2,300 மைல் நீளச் சுங்க எல்லை. காவலுக்குச் சுமார் 12,000 பேர். முதலில் வெட்டிய முள்ளைத்தான் குவித்திருந்தார்கள். அதைக் கறையான் அரித்தது, தீயும் தின்றது. ஹியூம் அதை உயிர்வேலியாக்க முனைந்தார். மண்ணுக்கேற்பக் கருவேலம், இலந்தை, களா, சப்பாத்திக்கள்ளி என்று நட்டார்கள். செழித்த இடங்களில் அது 10 முதல் 14 அடி உயரமும், 6 முதல் 12 அடி அகலமும் கொண்டு நின்றது. தாவர நூல் பயில்வோர் வியக்கலாம். உப்பில்லாக் கஞ்சி குடித்தவனை நினைத்தால் எனக்கு வியக்கத் தோன்றவில்லை.

1879-இல் வேலி கைவிடப்பட்டது. இரக்கத்தால் அன்று, சாம்பார் ஏரி முதலிய உப்பளங்களே அரசின் கைக்கு வந்துவிட்டன. உப்பு விளையுமிடத்திலேயே வரி வாங்கலாம் என்றானபின் வேலி எதற்கு? அதே ஆண்டில், மேலிடத்தோடு ஒத்துப்போகாத ஹியூமும் அரசுச் செயலாளர் பதவியை இழந்தார். 1882-இல் ஓய்வு பெற்றார். (பறவையியலில் அவர் பெற்ற புகழ் தனிக் கட்டுரைக்குரியது.)

1885 டிசம்பரில் அவர் முயற்சியால் பம்பாயில் 72 பிரதிநிதிகள் கூடினர். காங்கிரஸ் பிறந்தது. முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். அம்மாநாட்டிலேயே உப்பு வரியைப் பற்றிப் பேச எழுந்தவரும் ஒரு தமிழர்தாம்: எஸ். ஏ. சுவாமிநாத ஐயர். உப்புக்கு வேலி வளர்த்தவர் கூட்டிய அவையிலே அந்தக் குரல் எழுந்தது!

ஹியூம் 1912-இல் இங்கிலாந்தில் காலமானார். உப்பு வரி அப்போதும் நீங்கவில்லை. 1930-இல் இராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடக்கவேண்டியிருந்தது.