சூரிய ஒளியை அளந்த கண்ணாடித் தொழிலாளி

சூரிய மின்கலத் தகடுகளைப் பொருத்துவோர் வெயிலின் அளவையே பெரிதும் கணக்கிடுகின்றனர். வெயிலின் நிறக்கலவையும் மின் உற்பத்தியைப் பாதிக்கின்றது என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. அக்கலவையை நுணுகி அளந்த முன்னோடியான ஜேர்மனிய அறிஞர் யோசேப் வொன் பிரவுன்ஹோபரை நாம் இங்கு நினைவுகூர்வது பொருத்தமானதாகும்.

1787 இல் பவேரியாவின் ஸ்ட்ரோபிங் நகரில் கண்ணாடித் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், 11 வயதில் பெற்றோரை இழந்தார். மியூனிச் நகரில் தொழில் பயில அமர்த்தப்பட்ட அவருக்குக் கல்வி கற்க எசமானர் இடமளிக்கவில்லை. 1801 இல் அவர் தங்கியிருந்த வீடு இடிந்து வீழ்ந்தது. இடிபாடுகளிலிருந்து உயிருடன் மீட்கப்பட்ட சிறுவனுக்கு ஆட்சியாளர் மக்சிமிலியன் யோசேப் பணம் வழங்கினார். அப்பணம் அவருக்கு விடுதலையையும் கல்வியையும் பெற்றுக் கொடுத்தது.

பின்னர் பெனடிக்ட்பொயர்ன் கண்ணாடித் தொழிற்சாலையில் பணியாற்றிய அவர், வில்லைகளுக்கான கண்ணாடியைச் சோதிக்கையில், 1814 இல் சூரிய நிறமாலையின் குறுக்கே கருங்கோடுகளைக் கண்டார். 1802 இல் வொலஸ்டன் சிலவற்றையே கண்டிருந்தார். பிரவுன்ஹோபரோ 500 இற்கும் மேற்பட்ட கோடுகளைப் பதிவு செய்து, அவற்றையே கண்ணாடியை அளக்கும் அளவுகோலாக்கினார். அவற்றுட் சில சூரியனில் தோன்றியவை அல்ல, புவியின் வளிமண்டல ஒட்சிசனால் ஏற்படுபவை என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று.

இவ்வுண்மையே இன்றைய மின்கலத்திற்கும் அடிப்படையாகும். சிலிக்கன் மின்கலம் ஏறத்தாழ 1100 நனோமீற்றர் அலைநீளம் வரையான ஒளியையே மின்னாக்கும். மாலையில் கதிர்கள் வளிமண்டலத்தில் நெடுந்தூரம் கடப்பதால் நீல ஒளி சிதறிக் குறைய, செந்நிறம் மிகுகின்றது. நீராவி செந்நிறக்கீழ்க் கதிர்களை உறிஞ்சுகின்றது. இம்மாற்றங்கள் எல்லாவகை மின்கலங்களையும் ஒரே விதமாகப் பாதிப்பதில்லை. மெல்லிய படலமாக அமையும் பளிங்குருவற்ற சிலிக்கன் மின்கலம் செவ்வொளி மிகுந்த வேளையில் பின்தங்குகின்றது. தகட்டில் குறிக்கப்படும் வலு, 25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில், சதுர மீற்றருக்கு 1000 வாற் ஒளியில், நியம நிறமாலை ஒன்றின் கீழ் அளக்கப்பட்டதாகும். ஈரப்பதன் மிகுந்த எமது நாட்டு வானம் அந்நியமத்தை ஒத்ததன்று.

காசநோயால் 1826 இல், 39 வயதிலேயே அவர் மறைந்தார். 1981 இல் பிரைபேர்க் நகரில் நிறுவப்பட்ட சூரிய சக்தி ஆய்வு நிலையம் அவரது பெயரைத் தாங்கி நிற்கின்றது. நியமத்தில் அளந்த வலுவை மட்டும் நம்பாது, எமது வானத்தின் ஒளியையும் அளந்தறிந்து திட்டமிடுவதே அறிவுடைமை என்பது எமது கருத்தாகும். கல்வி மறுக்கப்படும் சிறுவர்களுள் எத்தனை பிரவுன்ஹோபர்கள் உள்ளனரோ என்பதும் சிந்திக்கத்தக்கது.