பெஞ்சமின் லீ: நடக்காததை வைத்துக் கணக்குப் போட்டவர்

ஹிக்ஸ் போசான்னு சொல்றீங்கல்ல? அந்தப் பெயர் பரவியதில் பெரிய பங்கு லீயுடையது. 1935இல் சியோலில் பிறந்தவர். நம்ம மாதிரிதான், கெமிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்தார். அப்புறம் இயற்பியல் படிக்க அமெரிக்கா போனார்.

கேயான் என்ற மெசானில் ஒரு வகை, இரண்டு மியூவான்களாகச் சிதைவது நூறு கோடிக்கு ஏழு தடவைதான். ஏன் இவ்வளவு கம்மி? சார்ம் என்று நான்காவது குவார்க் இருந்தால் கணக்கு சரியாகும். ஆனா அது ரொம்பக் கனமா இருந்தா இந்த மாதிரிச் சிதைவுகள் அதிகமாகிடும். இந்த அரிய சிதைவுகளையும், நடுநிலைக் கேயான்கள் இரண்டுக்கும் உள்ள துளி நிறை வித்தியாசத்தையும் வைத்து, யாரும் பார்க்காத சார்மை 1974இல் லீயும் மேரி கெய்லார்டும் எடை போட்டார்கள்: சுமார் 1.5 ஜிஇவி. அதே நவம்பரில் ஜே/சை துகள் கிடைத்தது. நிறை 3.1. உள்ளே ஒரு சார்ம், ஒரு எதிர்-சார்ம். நீங்களே வகுத்துப் பாருங்க!

1977 ஜூன் 16. ஃபெர்மிலாபின் கோட்பாட்டுத் துறைத் தலைவரான லீ, குடும்பத்தோடு காரில் போனபோது எதிரே வந்த லாரி தடம் மாறி மோதியது. வயது 42. கொரியாவில் இதைச் சுற்றி அணுகுண்டுக் கதையெல்லாம் கிளம்பியது. அவருக்கும் குண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டே வாரத்தில், ஜூன் 30, அதே ஃபெர்மிலாப் அப்சிலான் துகளை அறிவித்தது. உள்ளே இருந்தது பாட்டம் குவார்க். அது உள்ள பி மெசான்களில் ஒரு வகை இரண்டு மியூவான்களாகச் சிதைவதைத்தான் எல்எச்சியில் அளந்தார்கள்: நூறு கோடிக்குச் சுமார் மூன்று.