எமிலி டிக்கின்சன் அம்மையார்

அமெரிக்க நாட்டின் மாசச்சூசெட்சு மாநிலத்தில் ஆமர்சுட்டு என்பது ஒரு சிற்றூர். அவ்வூர் வழக்கறிஞர் ஒருவரின் மகளாக 1830 ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 10 ஆம் நாள் பிறந்தவர் எமிலி டிக்கின்சன் அம்மையார்.

இளமையிலேயே செடிகொடிகளின்பாற் பெருவிருப்புடையவர். நானூற்றுக்கும் மேற்பட்ட மலர்களையும் இலைகளையும் உலர்த்தி, ஏட்டில் ஒட்டிப் பெயர் பொறித்து வைத்தார். கல்லூரியிலோ ஓராண்டும் நிறையவில்லை. அங்கே உடன் பயின்றார் பலர் தம் சமயப்பற்றை அவையறிய வெளியிட்டனர். அம்மையார் தம் உள்ளம் ஒப்பாததை வாயாற் கூற இசைந்திலர். எனினும் இறைவனைப் பற்றிய நினைவு அவரை விட்டு அகன்றதில்லை. பற்றும் ஐயமும் அவர் பாடல்களில் மாறிமாறி வருதலைக் காணலாம்.

நாளடைவில் அவர் வீட்டைவிட்டு வெளிவருதலே அரிதாயிற்று. மணஞ் செய்துகொண்டிலர், ஆயினும் காதலைப் பற்றிப் பல பாடினார். தோட்டத்துத் தேனீயும் மாலை வெயிலும் அவர்க்குப் பாடுபொருளாயின. 1874 இல் தந்தையும், 1882 இல் தாயும், மறு ஆண்டில் எட்டு வயதே ஆன தமையன் மகனும் மறைந்தனர். சிறுவன் பிரிவு அவரை மிகவும் வாட்டியது. 1886 மே 15 ஆம் நாள் தாமும் உலக வாழ்வை நீத்தார்.

அதுகாறும் அச்சேறியவை பத்துப் பாடல்களே. அவற்றிலும் ஆசிரியர் பெயர் இல்லை. தங்கை இலவீனியா, தமக்கையார் விரும்பியவாறு, அவர்க்கு வந்த கடிதங்களை எரித்தார். அப்பொழுது நூலால் தைத்த சுவடிகள் பல வெளிப்பட்டன. அவற்றை எரிக்க அவர்க்கு மனம் வரவில்லை. தனித்தாள்களில் இருந்தவற்றையும் கூட்டப் பாடல்கள் ஏறத்தாழ 1,800 ஆயின.

முதற்றொகுதி 1890 இல் வெளிவந்தது. பதிப்பித்தோர் ஓசைக்காகச் சொற்களைத் திருத்தினர், குறியீடுகளையும் மாற்றினர். நல்லெண்ணத்தாற் செய்ததே எனினும் அவ்வுரிமை அவர்க்கு இல்லை என்பது என் துணிபு. 1955 இல் தாமசு சான்சன் என்பார் கையெழுத்துப் படிகளை ஒப்புநோக்கி, அம்மையார் எழுதியவாறே அப்பாடல்களை மூன்று தொகுதிகளாக வெளியிட்டார்.