மண்ணில் உறங்கும் பகை

பொள்ளாச்சிச் சந்தையில் வாங்கிய மாடுகள் பாலக்காட்டுக்கும், கம்பம் பள்ளத்தாக்கின் மாடுகள் குமுளி வழியாக இடுக்கிக்கும் வருவதுண்டு. கால்நடை வளர்ப்போர் பெரிதும் அஞ்சும் நோய்களுள் ஒன்று அடைப்பான். காலையில் மேய்ந்த மாடு மாலையில் மாண்டு கிடக்கும். இந்நோய்க் கிருமி மண்ணில் நெடுங்காலம் அழியாதிருக்கும் விந்தையை விளக்கியவர் இராபர்ட் கோக்.

கோக், 1843 திசம்பர் 11 அன்று செருமனியின் கிளவுஸ்தால் என்னும் சுரங்க ஊரில் பிறந்தார். மருத்துவம் பயின்று, 1872இல் வோல்ஸ்டைன் என்னும் சிற்றூரில் அரசு மருத்துவரானார். அப்பகுதியில் அடைப்பான் நோயால் ஆடுமாடுகள் மடிந்தன. மாண்ட விலங்கின் குருதியில் கோல் வடிவக் கிருமிகள் இருப்பதை அறிஞர் சிலர் முன்னரே கண்டிருந்தனர். ஆயினும் அக்கிருமிகள் உடலுக்கு வெளியே விரைவில் அழிந்தன. அவ்வாறிருக்க, பல்லாண்டுகள் வெறுமையாய்க் கிடந்த மேய்ச்சல் நிலத்தில் மீண்டும் நோய் தோன்றியது எவ்வாறு?

கோக்கிடம் பெரிய ஆய்வுக்கூடம் இல்லை. நோயாளிகளைப் பார்த்த நேரம் போக, தம் வீட்டிலேயே நுண்நோக்கியுடன் ஆராய்ந்தார். மரச்சிம்புகளைக் கொண்டு எலிகளுக்குக் கிருமியைச் செலுத்தினார். மாட்டுக் கண்ணின் நீரில் கிருமிகளை வளர்த்துப் பல மணி நேரம் உற்றுநோக்கினார். கோல்கள் நீண்டு இழைகளாயின. இழைகளுக்குள் மணிமணியாய் ஒளிரும் வித்துகள் தோன்றின. உலர்ந்த அவ்வித்துகள் மீண்டும் உணவும் வெம்மையும் பெற்றபோது கிருமிகளாய் முளைத்தன. கோடை முழுதும் காய்ந்து கிடந்து மழைக்கு முளைக்கும் புல்விதை போன்றதே இது. தடித்த உறையும், உள்ளே மிகக் குறைந்த நீரும் கொண்டமையால் வித்து வறட்சியையும் வெப்பத்தையும் தாங்குகிறது. அந்நிலையில் அது உண்பதில்லை, வளர்வதில்லை; காத்திருக்கிறது.

1876இல் கோக் பிரெசுலாவு நகருக்குச் சென்று, தாவரவியல் அறிஞர் ஃபெர்டினாண்ட் கோன் முன்னிலையில் தம் ஆய்வைச் செய்து காட்டினார். கோன் தம் ஆய்விதழில் அதனை வெளியிட்டார். 1881இல் வித்துகளை அழிப்பதில் உலர் வெப்பத்தைவிட நீராவியே வலியது என்பதைக் கோக்கும் அவர்தம் துணைவர்களும் நிறுவினர். மருத்துவமனைக் கருவிகள் இன்றும் நீராவியால் தூய்மை செய்யப்படுகின்றன. 1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். 1884இல் கல்கத்தாவில் வாந்திபேதிக் கிருமியை ஆராய்ந்து, அது உலர்ந்தால் விரைவில் மடியும் என உணர்ந்தார். ஒரு கிருமிக்கு எமனாகும் வறட்சி மற்றொன்றுக்கு உறக்கமாகிறது. ஆதலால் ஒவ்வொரு கிருமியின் இயல்பையும் அறிந்தே அதனைத் தடுக்க இயலும்.

1905இல் நோபல் பரிசு பெற்ற கோக், 1910இல் மறைந்தார். அவர் கண்ட உண்மை இன்றும் நம் ஊர்களைக் காக்கிறது. அடைப்பான் கிருமி வித்தாக மாறக் காற்று தேவை. திறவாத உடலுக்குள் அது அழுகலில் அழிந்துவிடும். திடீரென மாண்ட மாட்டை அறுத்தாலோ தோலுரித்தாலோ, சிந்தும் குருதி அந்நிலத்தைப் பல்லாண்டுகளுக்கு நஞ்சாக்கும். எனவே அதனைத் தொடாமல் கால்நடை மருத்துவரிடம் தெரிவித்தல் வேண்டும். அவர் சொற்படி எரித்தலோ ஆழப் புதைத்தலோ வேண்டும்.

சிந்தித்து விடை எழுதுக:
1. வித்து வறட்சியைத் தாங்குவது எதனால்?
2. அடைப்பான் கிருமிக்கும் வாந்திபேதிக் கிருமிக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. திடீரென மாண்ட மாட்டை அறுத்தல் கூடாது என்பதை உம் ஊராருக்கு எவ்வாறு விளக்குவீர்?