எலும்பைப் பாலமாகக் கண்டவர்

கோழிக்கறி சாப்பிடும்போது சிறகின் மேலெலும்பைக் கடித்து உடைத்துப் பார்த்திருப்போம். ஆட்டு எலும்பைப் போல உள்ளே மச்சை இராது, வெறும் குழாய்தான். பறவைக்கு ஏன் இப்படி, விலங்குக்கு ஏன் அப்படி என்ற கேள்வியோடு வாழ்ந்தவர் டார்சி தொம்சன்.

1860 இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோவில் பிறந்தார். பிறந்ததுமே தாயை இழந்த பிள்ளை, கால்நடை வைத்தியரான தாய்வழித் தாத்தாவின் வீட்டில் வளர்ந்தது. 24 வயதில் டண்டி நகரில் பேராசிரியரானார். அது திமிங்கில வேட்டைக் கப்பல்களின் துறைமுகம். அந்தக் கப்பல்காரர் கொண்டுவந்தவற்றையும் சேர்த்தே அங்கு ஓர் அருங்காட்சியகம் அமைத்தார்.

அக்காலத்து விலங்கியலாளர் பலருக்கு எலும்பு என்பது வம்சாவளிச் சான்று; எது எதிலிருந்து வந்தது என்பதே அவர்களின் தேடல். தொம்சனோ அதைப் பொறியியலாளரின் கண்ணால் பார்த்தார். 1917 இல் வெளிவந்த 'வளர்ச்சியும் வடிவமும்' என்ற பெருநூலில் பிணந்தின்னிக் கழுகின் சிறகெலும்பு ஒன்றை நெடுக வெட்டிக் காட்டினார். உள்ளே சாய்வுச் சட்டங்கள், இரும்புப் பாலத்தில் இருப்பதைப் போலவே. குறைந்த பாரம், வளையாத உறுதி. பறப்பதற்கு இரண்டும் வேண்டும். நாலுகால் விலங்கின் முதுகெலும்பை எடின்பரோவுக்கு அருகிலுள்ள போர்த் பாலத்தோடு ஒப்பிட்டார். கால்கள் தூண்கள். அமெரிக்கக் காட்டெருதின் தோளில் எலும்பு முட்கள் உயர்ந்து நிற்பது அதன் பாரமான தலையைத் தாங்கத்தான். திமிங்கிலத்தைத் தண்ணீரே தாங்குவதால் அதற்குத் தூண்கள் தேவைப்படவில்லை.

எம்மவர் பலர் வாழும் சூரிச் நகரமும் இந்த நூலில் வருகிறது. 1866 இல் அங்கே பாரந்தூக்கி வடிவமைத்துக்கொண்டிருந்த குல்மன் என்ற பொறியியலாளர், உடற்கூற்றியலாளர் மேயர் வெட்டி வைத்திருந்த மனிதத் தொடையெலும்பைக் கண்டு திகைத்தாராம். தான் கணக்குப் போட்டு வரைந்த கோடுகள் அந்த எலும்புக்குள் இருந்தன.

தொம்சனிடம் ஒரு குறையும் உண்டு. பரம்பரைக்கும் இயற்கைத் தெரிவுக்கும் அவர் உரிய இடம் கொடுக்கவில்லை. எலும்பின் அடிப்படை வடிவம் தலைமுறை தலைமுறையாகத் தெரிவாகி வருவது. ஆனால் ஓடுவதும் சுமப்பதும் ஒரே ஆயுளுக்குள் அதை மாற்றும் என்பதும் உண்மை. விண்வெளியில் மாதக்கணக்கில் மிதந்துவிட்டு வருபவர்களின் எலும்பு மெலிந்துபோகிறது.

1947 தொடக்கத்தில், 86 வயதில், டில்லியில் நடந்த இந்திய விஞ்ஞான மாநாட்டுக்கு வந்து பறவைகளின் எலும்புக்கூடு பற்றிப் பேசினார். அடுத்த ஆண்டு சென் அண்ட்ரூசில் காலமானார். அப்போதும் அவர் பேராசிரியர் பதவியில்தான் இருந்தார், 64 ஆண்டுகள்.