செல்வத்தின் காவலர் ஜம்னாலால் பஜாஜ்

பொருள் ஈட்டுவோர் உலகில் பலர். ஈட்டிய பொருளுக்குத் தாம் காவலரேயன்றி உரியவர் அல்லர் என்று வாழ்ந்தவர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவர் ஜம்னாலால் பஜாஜ். அவருடைய காலடி நம் திருவண்ணாமலை மண்ணிலும் பட்டிருக்கிறது. 1938 ஆகஸ்டு மாதம், பின்னாளில் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரான டாக்டர் இராஜேந்திர பிரசாத்துடன் இங்கு வந்து ரமணாசிரமத்தில் சில நாட்கள் தங்கினார்.

1889 நவம்பர் 4 அன்று, இராஜஸ்தானத்தில் சீகர் அருகேயுள்ள சிற்றூர் ஒன்றில் எளிய குடும்பத்தில் பிறந்தார். வார்தா நகரத்துப் பெருவணிகர் சேட் பச்ராஜ் அவரைச் சிறுவயதிலேயே பேரனாகச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார்.

பதினேழு வயதில் ஒரு சோதனை வந்தது. திருமண விழா ஒன்றுக்கு நகை அணிந்து வரும்படி தாத்தா கூற, பேரன் மறுத்தார். சினங்கொண்ட முதியவர் தம் செல்வத்தைச் சொல்லிக்காட்டிக் கடிந்தார். ஜம்னாலால் எதிர்த்துப் பேசவில்லை. சொத்தில் தமக்கு எவ்வித உரிமையும் வேண்டாமென எழுதி வைத்துவிட்டு, உடுத்திய உடையோடு வீட்டைவிட்டு வெளியேறினார். மனம் உருகிய தாத்தா அவரைத் தேடி அழைத்து வந்தார். வீடு திரும்பிய ஜம்னாலால், அன்று எழுதியதை வாழ்நாள் முழுதும் வாழ்ந்து காட்டினார்.

வாணிபம் வளர்ந்தது. ஆங்கில அரசு ராய் பகதூர் பட்டம் அளித்தது. ஆயினும் காந்தியடிகளின் தொண்டு அவர் உள்ளத்தை ஈர்த்தது. 1921-இல் பட்டத்தைத் துறந்தார். காங்கிரசின் பொருளாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். 1923-இல் நாகபுரிக் கொடிப் போராட்டத்தை நடத்திச் சிறை புகுந்தார். காந்தியடிகள் அவரைத் தம் ஐந்தாவது மகனாகவே ஏற்றார். 1928-இல் வார்தாவில் தம் குடும்பத்தாரின் இலட்சுமி நாராயணர் கோயிலை, வைதிகரின் எதிர்ப்புக்கு அஞ்சாமல், தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் திறந்துவிட்டார். 1936-இல் காந்தியடிகள் குடியேறிய சேகாவ்ம் கிராமத்தில் நிலம் தந்தவரும் அவரே. பின்னர் சேவாகிராமம் எனப் பெயர் பெற்றது அவ்வூர்தான்.

1941-இல் உடல் நலிந்து சிறையினின்று வெளிவந்தவர், ஓய்வை நாடவில்லை. வாயில்லாச் சீவன்களின் பக்கம் திரும்பினார். அந்நாளில் பசுவை வணங்குவோர் பலர் இருந்தும், நல்ல தீனியும் பராமரிப்பும் இன்றி நாட்டு மாடுகள் நலிந்தன. பால் வற்றியதும் அவை கைவிடப்பட்டன. வணக்கம் மட்டும் பசுவைக் காக்காது. நல்ல இனம், நல்ல தீவனம், அன்பான வளர்ப்பு ஆகியவையே காக்கும் என உணர்ந்து, வார்தாவில் கோசேவா சங்கத்தை நிறுவினார். மாளிகையை விட்டு, கோபுரி என்னுமிடத்தில் குடிசையில் தங்கிப் பசுக்களுக்குப் பணிபுரிந்தார்.

அப்பணி தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்த நிலையில், 1942 பிப்ரவரி 11 அன்று திடீரென இறைவனடி சேர்ந்தார். துணைவியார் ஜானகிதேவி துயரில் முடங்கிவிடவில்லை. தம் உடைமைகளைத் துறந்து அப்பணியையே மேற்கொண்டார். 1956-இல் பத்ம விபூஷண் விருது அவரைத் தேடி வந்தது.

அன்பு மாணவியரே! நம் நகர வீதிகளில் குப்பைமேட்டில் காகிதத்தையும் பிளாஸ்டிக்கையும் மெல்லும் மாடுகளைக் காண்கிறோம். அடுத்த முறை காணும்போது, மாளிகையை விட்டுக் குடிசைக்கு வந்த அச்செல்வரை நினைப்போம். எஞ்சிய உணவைப் பையில் கட்டி வீதியில் எறியாதிருப்பதும் ஒரு தொண்டே.