பசித்தால் மருந்து சுரக்கும் பாக்டீரியா: செல்மன் வாக்ஸ்மன் கதை

மழை விழுந்ததும் மண்வாசனை வருகிறதே, அதற்கு முக்கியக் காரணம் ஸ்ட்ரெப்டோமைசீஸ் என்ற மண் பாக்டீரியா. காசநோய்க்குப் பலன் தந்த முதல் ஆன்டிபயாடிக்கும் இதே குடும்பத்திலிருந்துதான் வந்தது. அந்த ஆய்வகத்தின் தலைவர் செல்மன் வாக்ஸ்மன்.

1888-ல் இன்றைய உக்ரைனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1910-ல் அமெரிக்கா போய், நியூஜெர்சியின் ரட்கர்ஸ் கல்லூரியில் விவசாயம் படித்தார். டாக்டர் இல்லை, மண்ணைக் கிளறுகிற ஆள். 1939-லிருந்து அவருடைய குழு மண் நுண்ணுயிர்களை ஒவ்வொன்றாகச் சோதித்தது. 1940-ல் கிடைத்த ஆக்டினோமைசின் கிருமியைக் கொன்றது, ஆனால் சோதனை விலங்குகளையும் கொன்றது. 1943-ல், நிலவறை ஆய்வகத்தில் வேலை பார்த்த மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் கையில் சிக்கியது ஸ்ட்ரெப்டோமைசின்.

இந்த பாக்டீரியா சும்மா மருந்து சுரப்பதில்லை. இரை இருக்கும்வரை பூஞ்சை மாதிரி நூல்நூலாக வளர்ந்துகொண்டே போகும். இரை தீர்ந்தால் புரதம் கட்ட அமினோ அமிலம் கிடைக்காது. அமினோ அமிலத்தைச் சுமந்து வர வேண்டிய டிஆர்என்ஏ வெறுங்கையோடு ரைபோசோமுக்கு வந்து நிற்கும். உடனே ரெல்ஏ என்ற நொதி, பிபிஜிபிபி என்ற சிறு மூலக்கூறைத் தயாரிக்கும். பஞ்சம் வந்தாச்சு என்ற சங்கு அது! வளர்ச்சி அடங்கும். பழைய இழைகள் சிதைந்து, அந்தச் சத்தில் புது இழைகள் மேலே கிளம்பி வித்துகளாகும். சிதைந்த உடலிலிருந்து கசியும் உணவுக்கு மற்ற கிருமிகள் மொய்க்குமே? அதைத் தடுக்கத்தான் அந்த நேரம் பார்த்து ஆன்டிபயாடிக் சுரக்கிறது என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. ஸ்ட்ரெப்டோமைசின் தரும் கிரிசியஸ் இனத்தில் ஏ-ஃபேக்டர் என்ற இன்னொரு சமிக்ஞையும் வேண்டும். பாஸ்பேட்டை அள்ளிக் கொட்டி வளர்த்தால் உடம்புதான் பெருக்கும், மருந்து குறையும்.

மருந்து உலகெங்கும் போனது. ராயல்டியில் வாக்ஸ்மனுக்கும் பங்கு போவது தெரிந்ததும் ஷாட்ஸ் 1950-ல் வழக்கு போட்டார். சமரசத்தில் அவர் இணைக் கண்டுபிடிப்பாளராக ஏற்கப்பட்டார். ராயல்டியில் 3 சதவீதமும் கிடைத்தது. ஆனாலும் 1952-ன் நோபல் பரிசு வாக்ஸ்மனுக்கு மட்டும்தான். ஷாட்ஸைச் சேர்த்திருக்க வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் பெயர் இருந்த எலிசபெத் பூகியைப் பற்றி அப்போது பேச்சே இல்லை.

தன் பங்கில் பாதியை நுண்ணுயிர் ஆய்வுக்கே கொடுத்த வாக்ஸ்மன், 1973-ல் மறைந்தார். ஏ-ஃபேக்டரை சோவியத் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தது அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான்.